சர்வர் அறையைக் காலி செய்தல்: ஒரு பெரிய நிறுவனம் கிளவுடுக்கு மாறும் விதம்

ராணிப்பேட்டையிலிருந்து வாணியம்பாடி வரை சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலைப் பகுதியில் இருக்கும் தோல், காலணித் தொழிற்சாலைகளில் சற்றுப் பெரியவற்றுக்குள் நுழைந்தால், கணக்குப் பிரிவுக்குப் பக்கத்திலோ மாடிப்படிக்குக் கீழேயோ பூட்டியே கிடக்கும் ஒரு சிறிய அறையைக் காணலாம். கதவைத் திறந்ததும் குளிர்காற்று முகத்தில் அடிக்கும். இரும்புச் சட்டத்தில் அடுக்கிய, அலுவலகக் கணினிகளுக்கெல்லாம் பொதுவாக உழைக்கும் நான்கைந்து சர்வர் கணினிகள், பேட்டரி வரிசையோடு ஒரு யூபிஎஸ், ஒன்று நின்றால் மற்றொன்று ஓடட்டும் என்று வைத்த இரண்டு ஏசி, பேக்கப் எடுத்த தேதிகளை எழுதி வைக்கும் ஒரு நீள நோட்டு ஆகியவை உள்ளே இருக்கும். பச்சைத் தோல் கொள்முதல் முதல் கண்டெய்னரில் ஏறும் ஜோடிக் கணக்கு வரை நிறுவனத்தின் மொத்த நினைவும் அந்த அறைக்குள்தான் இருக்கிறது. அந்த அறையைக் காலி செய்துவிட்டு, அது செய்து வந்த வேலையை வேறொருவருடைய கட்டடத்தில் ஓடும் கணினிகளிடமிருந்து வாடகைக்கு வாங்கிக்கொள்வதைத்தான் கிளவுடுக்கு மாறுவது என்கிறோம். மேகக் கணிமை என்ற நல்ல தமிழ்ச் சொல் இருக்கிறது. ஆயினும் அலுவலகத்தில் எல்லோர் வாயிலும் வருவது கிளவுட் என்பதால் அதையே இங்கும் எழுதுகிறேன்.

விளக்கத்துக்கு ஒரு நிறுவனத்தைக் கற்பனை செய்துகொள்வோம். ராணிப்பேட்டையில் டேனரி எனப்படும் தோல் பதனிடும் ஆலை ஒன்று, ஆம்பூர்ப் பக்கம் இரண்டு காலணித் தொழிற்சாலைகள், சென்னையில் ஏற்றுமதி அலுவலகம், மொத்தம் இரண்டாயிரம் தொழிலாளர்கள் என்று வைத்துக்கொள்ளலாம். கொள்முதல், இருப்பு, உற்பத்தி, விற்பனை, கணக்கு ஆகியவற்றை ஒன்றாகக் கோக்கும் ஈஆர்பி மென்பொருள் அதன் முதுகெலும்பு. அதைச் சுற்றி, விரல் ரேகை வைக்கும் வருகைப் பதிவு, அதிலிருந்து சம்பளம் போடும் மென்பொருள், ஷிப்பிங் பில் முதலான ஏற்றுமதி ஆவணங்களைத் தயாரிக்கும் ஒரு பழைய நிரல், காலணி வடிவமைப்பாளர்களின் கோப்புகள் நிறைந்த பொதுக் கோப்புறை, மின்னஞ்சல் என்று பல அமைப்புகள் உள்ளன. வாடிக்கையாளர் கண்ணில் படாமல் நிறுவனத்துக்குள்ளேயே ஓடும் இவற்றைத்தான் உள் வணிக அமைப்புகள் என்று சொல்கிறோம். நிறுவனத்தின் வலைத்தளம் ஒருநாள் நின்றால் சங்கடம். இவை ஒருநாள் நின்றால் லாரி வாசலைத் தாண்டாது.

கிளவுட் என்றதும் அது எங்கோ வானத்தில் இருப்பது போன்ற எண்ணம் வந்துவிடுகிறது. அதுவும் தரையில் நிற்கும் கட்டடம்தான். அமேசான் நிறுவனம் தன் கணினி ஆற்றலைப் பிறருக்கு வாடகைக்கு விடும் சேவையை 2006-இல் பரவலாகத் தொடங்கியது. அதன் தரவு மையத் தொகுதி மும்பையில் 2016-இலும் ஹைதராபாத்தில் 2022-இலும் திறக்கப்பட்டது. மைக்ரோசாஃப்ட் 2015-இலேயே புனே, மும்பை, சென்னை ஆகிய மூன்று இடங்களில் தொடங்கிவிட்டது. கூகுள் 2017-இல் மும்பைக்கும் 2021-இல் டெல்லிக்கும் வந்தது. ஆகவே நம் ஆம்பூர் நிறுவனத்தின் கணக்கு கிளவுடுக்குப் போகிறது என்றால், அது இவற்றில் ஏதோ ஓர் ஊரில் பல அடுக்குக் காவலும் தனி மின்வசதியும் கொண்ட ஒரு கட்டடத்துக்குள் போய் உட்காருகிறது என்று பொருள். வேண்டியபோது வேண்டிய அளவு எடுத்துக்கொள்ளலாம், எடுத்த அளவுக்குக் கட்டணம், ஒரே கட்டடத்தைப் பல வாடிக்கையாளர்கள் பகிர்ந்துகொள்கிறார்கள் ஆகிய மூன்றும்தான் சாதாரண சர்வர் வாடகையிலிருந்து இதைப் பிரித்துக் காட்டுகின்றன.

வாடகையில் மூன்று வகை உண்டு. பாடநூல்கள் இதற்கு நீளநீளமான பெயர்களைச் சொல்லும். தோல் தொழிலில் இருப்பவர்களுக்கு அவை தேவையே இல்லை. டேனரி இல்லாத ஒரு தோல் வியாபாரி, டிரம்களோடு கூடிய ஷெட்டைக் குத்தகைக்கு எடுத்து, தன் ஆட்களையும் தன் ரசாயனத்தையும் கொண்டு தானே பதனிடலாம். அல்லது தோலை மட்டும் ஜாப் ஒர்க்குக்குக் கொடுத்து, சொன்ன பதத்தில் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். இரண்டும் வேண்டாம் என்றால் ஃபினிஷ் ஆன தோலையே விலைக்கு வாங்கி வெட்டத் தொடங்கலாம். கிளவுடிலும் இதே மூன்று வழிகள்தான். வெறும் சர்வரையும் சேமிப்பிடத்தையும் வாடகைக்கு எடுத்து, விண்டோஸ் போன்ற இயங்குதளம் முதல் எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொள்வது முதல் வகை. பதிவுகளை அடுக்கி வைத்துக் கேட்டதும் எடுத்துத் தரும் தரவுத்தளம் போன்றவற்றின் பராமரிப்பைக் கிளவுட் வழங்குநரிடம் விட்டுவிட்டு நம் நிரலையும் தரவையும் மட்டும் கொடுப்பது இரண்டாவது. மின்னஞ்சலையோ சம்பள மென்பொருளையோ ஆயத்த நிலையில் ஆளுக்கு மாதம் இவ்வளவு என்று வாங்குவது மூன்றாவது. கீழே போகப்போக வேலை குறையும். கூடவே நம் விருப்பப்படி மாற்றிக்கொள்ளும் சுதந்திரமும் குறையும். பெரிய நிறுவனங்கள் ஒரே வகையில் நிற்பதில்லை, மூன்றையும் கலந்தே எடுத்துக்கொள்கின்றன.

ஓடிக்கொண்டிருக்கும் அமைப்பை ஏன் கிளப்ப வேண்டும்? பெரும்பாலும் தூண்டுகோல் வெளியிலிருந்தே வருகிறது. வாங்கி ஆறேழு ஆண்டான சர்வருக்கு உதிரி பாகம் கிடைப்பது அரிதாகிறது. புதிதாக வாங்கினால் ஒரே நேரத்தில் பெருந்தொகை வேண்டும். பெரிய நிறுவனங்களில் பரவலாக ஓடும், எஸ்ஏபி என்ற மென்பொருள் நிறுவனத்தின் ஈஆர்பியின் முந்தைய தலைமுறைக்கு வழக்கமான பராமரிப்பு 2027 இறுதியோடு முடிகிறது. கூடுதல் கட்டணம் செலுத்தினால் 2030 வரை நீட்டிக்கலாம். எப்படியும் புதிய தலைமுறைக்கு மாறியாக வேண்டும் என்ற நிலையில், அதைச் சொந்த இயந்திரத்தில் நிறுவுவதா, கிளவுடிலேயே தொடங்குவதா என்ற கேள்வி தானாகவே எழுகிறது. இவற்றோடு நம் ஊருக்கென்று ஒரு காரணமும் உண்டு. வேலூரின் சித்திரை வெயிலில் ஏசி நின்று, ஜெனரேட்டரும் எடுக்காமல் போனால், அந்தச் சிறிய அறை எவ்வளவு விரைவில் அடுப்பாகும் என்பது அதன் சாவியை வைத்திருந்தவர்களுக்குத் தெரியும். தரைத்தளத்தில் சர்வர் வைத்தவர்களுக்கு 2021 நவம்பரில் பாலாற்றில் வந்த வெள்ளமும் நினைவில் இருக்கும்.

இத்தனை காரணங்கள் இருந்தும் இந்த மாற்றம் ஏன் ஓராண்டு, இரண்டாண்டு என்று இழுக்கிறது என்பதுதான் தொடக்கநிலையில் உள்ளவர்கள் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது. சர்வரில் இருப்பதைப் பிரதி எடுத்து இன்னொரு சர்வரில் வைப்பது சில நாள் வேலை. கடினமாக இருப்பது, எது எதோடு பேசிக்கொண்டிருக்கிறது என்பதைக் கண்டுபிடிப்பது. பதினைந்து ஆண்டு ஓடிய அலுவலகத்தில் பாதி இணைப்புகள் எந்த ஏட்டிலும் எழுதப்பட்டிருக்காது. அவற்றைப் போட்டவர் வேலையை விட்டுப் போயிருப்பார்.

நான் பணியாற்றிய ஒரு நிறுவனத்தில் நடந்ததைச் சொல்கிறேன். ஃபினிஷ் ஆன தோல் ஒவ்வொன்றும் அளவு இயந்திரத்தின் வழியாகப் போகும். ஒரு தோலின் ஓரங்கள் நேராக இருப்பதில்லை. கழுத்துப் பக்கம் ஒரு வளைவு, கால் பக்கம் ஒரு நீட்டம். எனவே இயந்திரமே பரப்பளவைக் கணித்து, தோலின் பின்புறத்தில் சதுர அடியை முத்திரையாகக் குத்திவிடும். அதே எண்ணை ஒரு சிறிய உரைக் கோப்பாக சர்வரின் ஒரு கோப்புறையிலும் போட்டுவிடும். ஈஆர்பி அதை எடுத்துப் பேக்கிங் லிஸ்ட் தயாரிக்கும். இந்த இரண்டாவது வேலை எங்கள் பட்டியலில் இல்லை. இயந்திரத்தைப் பொருத்திய மெக்கானிக் பல ஆண்டுகளுக்கு முன் பழைய சர்வரின் எண் முகவரியை அதன் நிரலுக்குள்ளேயே எழுதிவிட்டுப் போயிருந்தார். நாங்கள் ஞாயிறு இரவு சர்வரை மாற்றிவிட்டு, எல்லாத் திரைகளும் திறக்கின்றன என்று சரிபார்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போனோம். திங்கள் காலை பதினோரு மணிக்குக் கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் பாய் தொலைபேசியில் அழைத்தார்: "சார், மிஷின் அடி போடுது, சிஸ்டத்துல ஒண்ணும் ஏறலையே." அதுவரை ஓடிய இருநூற்றுச் சொச்சம் தோல்களின் அடியை அவருடைய ஆட்கள் முத்திரையைப் பார்த்துப் பார்த்துக் கையால் எழுதி வைத்திருந்ததால் அன்றைய லாரி தப்பியது.

இதைப் போன்றவற்றை முன்கூட்டியே பிடிப்பதற்குத்தான் முதல் கட்டமாகக் கணக்கெடுப்பு நடத்துகிறார்கள். எந்தச் சர்வரிலிருந்து எந்தச் சர்வருக்குத் தகவல் போகிறது என்பதை வலையமைப்பில் இருந்தே படித்துச் சொல்லும் கருவிகள் உண்டு. அவற்றைச் சில வாரமாவது ஓடவிட வேண்டும், ஏனெனில் மாதக் கடைசியில் மட்டும் விழித்துக்கொள்ளும் இணைப்புகள் ஒரு வாரத்தில் தென்படா. கருவியோடு நிறுத்தாமல் கிடங்கு, வாசல், எடைமேடை, சம்பளப் பிரிவு என்று ஒவ்வோர் இடத்துக்கும் நடந்தே போய்க் கேட்பது நல்லது என்பது என் கருத்து. கருவி காட்டாததைக் கிடங்கில் இருப்பவர் ஒரு டீ குடிக்கும் நேரத்தில் சொல்லிவிடுவார்.

கணக்கெடுப்பு முடிந்ததும் ஒவ்வோர் அமைப்புக்கும் ஒரு தீர்ப்பு எழுத வேண்டும். சிலவற்றை இருக்கும் கோலத்திலேயே தூக்கி வைக்கலாம். சிலவற்றில் தரவுத்தளத்தை மட்டும் மாற்றினால் போதும். சிலவற்றைக் கிளவுடுக்கு ஏற்பப் புதிதாக எழுத வேண்டியிருக்கும். சிலவற்றைத் தூக்கி எறிந்துவிட்டு ஆயத்த மென்பொருளை வாங்கிவிடலாம். யாரும் திறக்காத அமைப்புகளை மூடிவிடலாம். அப்படிச் சில கட்டாயம் அகப்படும். அளவு இயந்திரத்தோடு பேசும் நிரல் போன்றவற்றைத் தொழிற்சாலையிலேயே ஒரு சிறிய கணினியில் விட்டு வைப்பதே அறிவு. இதில் அவசரப்பட்டு ஒரு தவறு நடக்கும்: ஈஆர்பியை மும்பைக்கு அனுப்பிவிட்டு அதன் தரவுத்தளத்தை ராணிப்பேட்டையிலேயே வைத்துக்கொள்வது. ஒரு திரை திறக்கத் தரவுத்தளத்திடம் 500 கேள்விகள் கேட்கப்படுகின்றன என்று வைப்போம். ஒரே அறைக்குள் இருந்தவரை ஒவ்வொன்றுக்கும் ஒரு மில்லிநொடிகூட ஆகவில்லை. மும்பை போய் வர 30 மில்லிநொடி ஆகுமானால், 500 கேள்விகளுக்கு 15 நொடி. கொள்முதல் எழுத்தர் ஒவ்வொரு பில்லுக்கும் பதினைந்து நொடி திரையை வெறித்துக்கொண்டிருந்தால், அவர் கிளவுடைப் பற்றி என்ன சொல்வார் என்பதை நான் இங்கே எழுத முடியாது. ஒன்றோடொன்று ஓயாமல் பேசுபவற்றை ஒன்றாகவே இடம்பெயர்க்க வேண்டும்.

அடுத்தது தரவு. பழைய வீட்டைக் காலி செய்யும்போது பரணில் இருப்பதெல்லாம் வெளியே வருவதைப் போல, இடம் மாறும்போதுதான் தரவின் அழுக்கு தெரிகிறது. ஒரே தோல் வியாபாரி மூன்று எழுத்துக்கூட்டலில் மூன்று கணக்குகளாக இருப்பார். சதுர அடியில் வாங்கியதைச் சதுர டெசிமீட்டரில் பதிந்திருப்பார்கள். ஒரு சதுர அடி 9.29 சதுர டெசிமீட்டர் என்பதால் பிழை ஒன்பது மடங்குக்கு மேல் போகும். நம் பகுதிக்கே உரிய சிக்கல் முகவரி. வட ஆர்க்காடு மாவட்டம் 1989-இல் இரண்டாகப் பிரிந்தது. பிறகு வேலூர் மாவட்டமாக இருந்ததிலிருந்து 2019-இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்களாயின. ஆகவே நீண்ட காலமாக வேலை செய்பவர்களின் பதிவுகளில், பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருக்கும் இரண்டு ஆம்பூர்க்காரர்களில் ஒருவர் வேலூர் மாவட்டத்திலும் மற்றவர் திருப்பத்தூர் மாவட்டத்திலும் இருப்பார்கள். வடக்கு ஆர்க்காடு என்றே எழுதிய பழைய அட்டைகளும் உண்டு. பழைய மென்பொருள் அந்தக் கட்டத்தில் எதை எழுதினாலும் வாங்கிக்கொண்டது. புதியது பட்டியலில் உள்ள மாவட்டத்தை மட்டுமே ஏற்கும். இரண்டாயிரம் பேரின் பதிவைத் திருத்துவது எந்தப் பொறியாளரும் செய்யக்கூடிய வேலை இல்லை; ஆள் பிரிவில் ஊரும் உறவும் தெரிந்தவர் உட்கார்ந்து செய்ய வேண்டும்.

அளவும் ஒரு பொருட்டு. வடிவமைப்புக் கோப்புகளும் பழைய ஆவணங்களும் சேர்ந்து 10 டெராபைட் இருந்து, நொடிக்கு 100 மெகாபிட் இணைப்பு முழு வேகத்தில் ஓயாமல் ஓடினாலும், அனுப்பி முடிக்க ஒன்பது நாளுக்கு மேல் ஆகும். பகலில் அலுவலகமும் அதே கம்பியைப் பயன்படுத்துவதால் உண்மையில் இன்னும் கூடும். எனவே பெரும் பகுதியை முன்னதாகவே அனுப்பிவிட்டு, அதன் பின் மாறியதை மட்டும் கடைசி இரவில் அனுப்புவது வழக்கம். இணைப்பு மிக மெதுவாக இருக்கும் இடங்களில் தரவைச் சேமிப்புப் பெட்டியில் ஏற்றி வண்டியில் அனுப்புவதும் உண்டு.

பாதுகாப்பு யாருடைய பொறுப்பு என்பதில் பல முதலாளிகளுக்குத் தவறான எண்ணம் இருக்கிறது. இதை விளக்க நம் ஊரிலேயே ஒரு நல்ல உவமை கிடைக்கிறது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு, பாலாற்றை மாசுபடுத்திய டேனரிகளின் கழிவுநீர் குறித்தது. தனித்தனியே சுத்திகரிப்பு நிலையம் கட்ட முடியாத டேனரிகள் ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி முதலிய இடங்களில் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் சேர்ந்திருக்கின்றன. பொது நிலையத்தில் உறுப்பினராகிவிட்டதால் டேனரியின் பொறுப்பு தீர்ந்துவிடுவதில்லை. குரோமியத்தைப் பிரித்தெடுப்பது, கசடைப் படியவைத்து முதல்கட்டச் சுத்திகரிப்பைச் செய்வது ஆகியவை அதன் வாசலுக்குள்ளேயே நடந்தாக வேண்டும். கிளவுடும் அப்படித்தான். கட்டடம், மின்சாரம், வன்பொருள், அவற்றின் காவல் ஆகியவை வழங்குநர் பொறுப்பு. யாருக்கு எந்த அனுமதி, கடவுச்சொல் எவ்வளவு வலுவானது, வேலையை விட்டுப் போனவரின் கணக்கு மூடப்பட்டதா, எந்தக் கோப்புறை வெளியாருக்குத் திறந்து கிடக்கிறது ஆகியவை நம் வாசலுக்குள் இருப்பவை. கிளவுடில் நடக்கும் தகவல் கசிவுகளில் பல இந்த இரண்டாம் பகுதியில் நிகழ்கின்றன.

சட்டத்திலும் சில கோடுகள் உள்ளன. மின்னணு வடிவில் வைக்கும் கணக்குப் புத்தகங்களின் பேக்கப் நாள்தோறும் இந்தியாவில் உள்ள சர்வரில் சேமிக்கப்பட வேண்டும் என்று நிறுவனக் கணக்கு விதிகள் 2022-இல் திருத்தப்பட்டன. யார் எந்தப் பதிவை எப்போது மாற்றினார் என்ற தடத்தை அழிக்க முடியாதபடி கணக்கு மென்பொருள் வைத்திருக்க வேண்டும் என்பது 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளது. தொழிலாளர்களின் சொந்தத் தகவல்களுக்கு 2023-இன் எண்முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. ஆகவே எந்த ஊர்த் தரவு மையம் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குவது நல்லது.

மாறும் நாளைக் குறிப்பதற்குப் பஞ்சாங்கத்தைவிட வரிக் காலண்டர் முக்கியம். ஏழாம் தேதிக்குள் சம்பளம். பதினொன்றாம் தேதி ஜிஎஸ்டியின் விற்பனை விவரம், பதினைந்தாம் தேதி வருங்கால வைப்பு நிதி, இருபதாம் தேதி ஜிஎஸ்டியின் மாதச் சுருக்கம். மாதக் கடைசியில் இருப்புக் கணக்கும் ஏற்றுமதிக் கப்பலும் நெருக்கும். மிச்சம் இருப்பது இருபத்தொன்று முதல் இருபத்தாறு வரையிலான ஒரு சிறிய இடைவெளி. அதில் ஒரு ஞாயிறு விழுந்தால் அதுதான் முகூர்த்தம். அதுவும் மார்ச்சாக இருக்கக் கூடாது. அந்த நாளுக்கு முன் இரண்டு முறையாவது முழு ஒத்திகை பார்க்க வேண்டும். ஒவ்வொரு படிக்கும் எத்தனை நிமிடம் ஆகிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். எந்த மணிக்குள் முடியாவிட்டால் கைவிட்டுப் பழைய சர்வருக்கே திரும்புவது என்பதையும் முன்பே முடிவு செய்திருக்க வேண்டும். இந்தக் கடைசி முடிவை அதிகாலை நான்கு மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் எடுக்க முயல்பவர்கள், இன்னும் அரை மணி, இன்னும் அரை மணி என்று சொல்லியே திங்கள் காலை ஷிஃப்டைத் தொட்டுவிடுவார்கள்.

மாறிய பின் தொழிற்சாலையின் உயிர் இணையக் கம்பியில் தொங்குகிறது. வழங்குநர் 99.9 விழுக்காடு இயங்கும் என்று உறுதி தருவதே ஆண்டுக்கு எட்டே முக்கால் மணி நேரம் நிற்கலாம் என்பதற்கான அனுமதிதான். அது அவர் பக்கக் கணக்கு. நம் பக்கத்தில் இரண்டு வெவ்வேறு நிறுவனங்களின் இணைப்பு வேண்டும். இரண்டும் நெடுஞ்சாலையோரம் ஒரே பள்ளத்தில் வருகின்றனவா என்று கேட்டுத் தெரிந்துகொள்வதும் வேண்டும், ஏனெனில் ஒரு ஜேசிபியின் ஒரே வாயில் இரண்டும் அறுந்துவிடும்.

செலவு குறையுமா என்றால், தானாகக் குறையாது. சொந்த சர்வர் இரவில் சும்மா ஓடினால் யாருக்கும் உறுத்தாது. வாடகைச் சர்வர் ஓடும் ஒவ்வொரு மணிக்கும் பில் ஏறும். சோதனைக்காக வைத்திருக்கும் சர்வரை வாரத்தில் ஆறு நாள், நாளுக்குப் பத்து மணி நேரம் மட்டும் ஓடவிட்டால் 168 மணியில் 60 மணிக்குத்தான் கட்டணம். அணைக்க மறந்தால் மீதி 108 மணிக்கும் சேர்த்துக் கட்ட வேண்டும். முதல் மூன்று மாத பில்லைப் பார்த்து அதிர்ச்சி அடைபவர்களில் பலர் இப்படி மறந்தவர்கள்தான். உள்ளே அனுப்பும் தரவுக்குப் பொதுவாகக் கட்டணம் இல்லை, வெளியே எடுப்பதற்கு உண்டு என்பதையும் கையெழுத்துக்கு முன்பே கவனிக்க வேண்டும். வேறு வழங்குநரிடம் மாற நினைக்கும்போதுதான் அது உறைக்கும்.

பழைய சர்வர்களை உடனே விற்றுவிடக் கூடாது. மாதக் கணக்கு முடிப்பு இரண்டும் காலாண்டுக் கணக்கு முடிப்பு ஒன்றும் புதிய இடத்தில் சரியாக நடக்கும் வரை அவற்றை அணைத்து, பூட்டிய அறையிலேயே வைத்திருப்பது வழக்கம். கணக்குப் புத்தகங்களை எட்டு நிதியாண்டுகள் பாதுகாக்க வேண்டும் என்று நிறுவனச் சட்டம் சொல்வதால், புதிய அமைப்புக்குக் கொண்டுபோகாத பழைய ஆண்டுக் கணக்குகளைப் படிக்க மட்டும் திறக்கும் ஒரு பிரதியாக எங்கே வைப்பது என்பதும் அதற்குள் முடிவாகியிருக்க வேண்டும். பிறகு வட்டுகளைக் கழற்றி, அவற்றில் இருப்பதை மீட்க முடியாதபடி அழித்து, வரிசை எண்ணைக் குறித்துக்கொண்டு, துளையிட்டு, மின்னணுக் கழிவை எடுக்க உரிமம் பெற்றவரிடம் ரசீது வாங்கிக்கொண்டு கொடுத்துவிடலாம். அந்த ரசீதைச் சொத்துப் பதிவேட்டில் சேர்த்து, நான்கைந்து சர்வர்களின் பெயரையும் அடித்த பிறகுதான் கணக்குப் பிரிவு அறையின் சாவியைத் திரும்ப வாங்கிக்கொள்ளும்.